பிரான்ஸுக்குக் குறுகிய காலப் பயணம்: விசா, நுழைவு விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழும் உறவினரைப் பார்க்கவோ, ஊர் சுற்றவோ, தொழில் நிமித்தமாகவோ 90 நாளுக்கு மிகாமல் பிரான்ஸில் தங்கிவர நினைக்கும் தமிழ் வாசகர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. படிப்பு, வேலை, குடும்பத்தோடு சேர்ந்து குடியேறுதல் ஆகியவற்றுக்கு வேறு விதிகள் உண்டு. அவை இங்கே பேசப்படவில்லை. கட்டணங்களும் ஆவணப் பட்டியல்களும் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டுவதற்கு முன் ‘பிரான்ஸ்-விசாஸ்’ என்ற பிரெஞ்சு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு விசா தேவையா என்பதை எது தீர்மானிக்கிறது?

உங்கள் கையில் உள்ள கடவுச்சீட்டுதான் தீர்மானிக்கிறது. இந்திய, இலங்கை, தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பயணத்துக்கு முன்பே விசா பெற வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, மொரீஷியஸ், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு உடையவர்கள், எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம்.

இந்த விதிக்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. பொதுவான விசா விதிகளைப் பின்பற்றும் ஐரோப்பிய நாடுகளின் ‘ஷெங்கன்’ பகுதியில் உள்ள ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நோர்வே போன்ற மற்றொரு நாட்டின் செல்லுபடியாகும் வதிவிட அட்டை ஒருவரிடம் இருந்தால், அவர் இந்தியக் குடிமகனாகவோ இலங்கைக் குடிமகனாகவோ இருந்தாலும், அந்த அட்டையையும் கடவுச்சீட்டையும் கொண்டு பிரான்ஸுக்குக் குறுகிய பயணமாக வந்துபோகலாம். பிரிட்டனின் வதிவிட அனுமதிக்கு இந்தச் சலுகை கிடையாது. லண்டனில் இருபது ஆண்டுகளாக வாழ்பவராக இருந்தாலும் கடவுச்சீட்டு இந்தியாவுடையது என்றால், லண்டனிலேயே விண்ணப்பித்து விசா வாங்கித்தான் யூரோஸ்டார் ரயிலில் ஏற முடியும்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னொரு வடிவத்தில் வருகிறது. இந்தியாவும் பிரான்ஸும் செய்துகொண்டு 1962 இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட வீடுகளில், கணவர் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் மனைவி இந்தியக் கடவுச்சீட்டும் வைத்திருப்பது உண்டு. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ளவர் சொந்த நாட்டுக் குடிமகனாக நுழைகிறார். இந்தியக் கடவுச்சீட்டு உள்ள துணைவர் அவருடன் சேர்ந்து பயணம் செய்தாலும் விசா பெற்றாக வேண்டும்.

பிரான்ஸுக்கு வாங்கும் விசாவைக் கொண்டு வேறு எந்த நாடுகளுக்குப் போகலாம்?

பிரான்ஸ் வழங்கும் குறுகிய கால விசா பொதுவாக ஷெங்கன் பகுதி முழுவதற்கும் செல்லும். 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்பாட்டில் தொடங்கிய இந்தப் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. 2023 ஜனவரியில் குரோஷியா சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச்சில் வான், கடல் எல்லைகளிலும், 2025 ஜனவரியில் தரை எல்லைகளிலும் இணைந்தன. சுவிட்சர்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஷெங்கனில் இருக்கின்றன. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உள்ளவை, ஷெங்கனில் இல்லாதவை. பிரிட்டன் ஒருபோதும் ஷெங்கனில் இருந்ததில்லை.

ரெயூனியன் தீவுக்கும் இதே விசா போதுமா?

போதாது. ரெயூனியன், மார்ட்டினிக், குவாடலூப், பிரெஞ்சுக் கயானா, மயோட் ஆகியவை பிரான்ஸின் பகுதிகளே ஆனாலும் ஷெங்கன் பகுதிக்குள் அடங்குவதில்லை. தமிழ் வம்சாவளியினர் பெரும் எண்ணிக்கையில் வாழும் ரெயூனியனுக்குக் கோயில் விழாவுக்கோ உறவைத் தேடியோ செல்பவர்கள், பாரிஸுக்கான விசாவே அங்கும் செல்லும் என்று எண்ணிப் பயணச்சீட்டு எடுத்துவிடக் கூடாது. விண்ணப்பிக்கும்போதே அந்தப் பகுதியின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டு, அதற்குரிய விசாவைக் கேட்க வேண்டும்.

பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என மூன்று நாடுகளுக்கும் போகிறேன். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது?

பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாட்டில் நிறைவேறுகிறதோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நோக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்றால் அதிக நாள் தங்கும் நாட்டிடமும், நாள்களும் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடமும் விண்ணப்பிப்பது விதி. விசா எளிதாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட ஒரு நாட்டிடம் விண்ணப்பித்துவிட்டு, அங்கே ஒருநாள் தலைகாட்டிப் பாரிஸில் மூன்று வாரம் தங்கும் வழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எல்லையில் தங்கும் விடுதிச் சீட்டுகளைக் கேட்கும்போது அந்தக் கணக்கு வெளிப்பட்டுவிடும். விசாவை ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

எப்போது, எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? எத்தனை நாளாகும்? கட்டணம் எவ்வளவு?

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. விண்ணப்பம் தூதரகத்தின் பரிசீலனைக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது பொது விதி. கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் அது 45 நாள் வரை நீளலாம். கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் முன்பதிவு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால், இரண்டு மூன்று மாதம் முன்னதாகத் தொடங்குவது நல்லது.

பிரான்ஸ்-விசாஸ் தளத்தில் படிவத்தை நிரப்பி அச்செடுத்தபின், விண்ணப்பங்களைப் பெறும் நிறுவனத்தின் மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும். இந்தியாவில் அந்தப் பணியை விஎஃப்எஸ் குளோபல் செய்கிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் அதற்கு மையங்கள் உள்ளன. பத்து விரல்களின் ரேகையும் அங்கே பதிவு செய்யப்படும். முந்தைய 59 மாதங்களுக்குள் வேறொரு ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்த ரேகையை மீண்டும் பயன்படுத்திக்கொள்ள முடியும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ரேகைப் பதிவு இல்லை.

2024 ஜூன் 11 முதல் விசாக் கட்டணம் 90 யூரோ; 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ; அதற்கும் சிறியவர்களுக்குக் கட்டணம் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். மையத்தில் இருப்பவர்கள் தாள்களைப் பெற்று அனுப்புகிறார்கள். விசா கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது பிரெஞ்சுத் தூதரகம். நாட்டுக்குள் விடுவதா என்று முடிவெடுப்பது எல்லைக் காவல் அதிகாரி. “மையத்தில் நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார்” என்று பணம் கேட்கும் முகவரிடம் ஏமாறுபவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்களே.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கமாவது வெற்றாக உள்ளதாகவும் இருக்க வேண்டும். 35 மி.மீ. அகலமும் 45 மி.மீ. உயரமும் உள்ள அண்மைக்காலப் புகைப்படம், பயணக் காப்பீடு, போக்குவரத்துக்கான முன்பதிவு, தங்குமிடச் சான்று, பணவசதிச் சான்று, ஊர் திரும்புவதற்கான காரணத்தைக் காட்டும் தாள்கள் ஆகியவை அடுத்து வருபவை. விமானச் சீட்டைப் பொறுத்தவரை முன்பதிவைக் காட்டினால் போதும்; விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத சீட்டை வாங்க வேண்டியதில்லை.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதுதான் பல விண்ணப்பங்களின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. வேலையில் இருப்பவர் நிறுவனத்தின் விடுப்புக் கடிதத்தையும் அண்மைச் சம்பளச் சீட்டுகளையும், தொழில் செய்பவர் பதிவுச் சான்றையும் வருமான வரிக் கணக்கையும், ஓய்வு பெற்றவர் ஓய்வூதிய ஆணையையும் வைக்கலாம். வீட்டை நிர்வகிக்கும் பெண்களும் முதிய பெற்றோரும் “எங்களிடம் காட்ட ஒன்றுமில்லையே” என்று தயங்குவதுண்டு. சொத்துப் பத்திரம், ஊரில் உள்ள மற்றப் பிள்ளைகளின் விவரம், முன்பு வெளிநாடு சென்று உரிய காலத்தில் திரும்பியதைக் காட்டும் பழைய கடவுச்சீட்டு ஆகியவை அவர்களுக்கு உதவும்.

வங்கிக் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதக் கணக்கறிக்கையைப் பார்ப்பவர் இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மாதம் முப்பதாயிரம் ரூபாய் வந்துபோகும் கணக்கில், விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் ஐந்து லட்சம் திடீரென்று விழுந்திருந்தால் அது பலமாகாது, ஐயத்தையே கிளப்பும். மகனோ மகளோ அனுப்பிய பணம் என்றால், அதை மறைக்காமல், யார் எதற்காக அனுப்பினார் என்று ஒரு கடிதத்தில் எழுதிவிடுவதே சரியான வழி.

எனக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் இருக்கிறது. படிவத்தை எப்படி நிரப்புவது?

கடவுச்சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். தந்தையின் பெயர் அதில் விரித்து எழுதப்பட்டிருந்தால் படிவத்திலும் விரித்தே எழுத வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், இருக்கும் பெயரைப் படிவத்தில் எந்த இடத்தில் இடுவது என்று விண்ணப்ப மையத்தின் வழிகாட்டலைக் கேட்டு, அதே முறையை எல்லா இடத்திலும் பின்பற்ற வேண்டும். நடைமுறையில் சிக்கல் வருவது படிவத்தில் அன்று. காப்பீட்டில் ஒரு பெயர், விமான முன்பதிவில் இன்னொரு வரிசை, பாரிஸில் உள்ள மாமா வாங்கி அனுப்பிய சான்றிதழில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று மூன்று விதமாக அமைந்துவிடும்போதுதான். கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து, பெயர் எழுதப்போகும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

உறவினர் வீட்டில் தங்குகிறேன். அழைப்புக் கடிதம் போதாதா?

போதாது. பிரான்ஸில் தனியார் வீட்டில் தங்கப்போகும் வெளிநாட்டவர், ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ எனப்படும் வரவேற்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். கையால் எழுதிய அழைப்புக் கடிதமோ மின்னஞ்சலோ இதற்கு ஈடாகாது. விருந்தினரை வீட்டில் ஏற்பவர், தாம் வசிக்கும் ஊரின் நகரசபைக்கு, அதாவது அங்குள்ள தமிழர் ‘மெரி’ என்று சொல்லும் அலுவலகத்துக்கு, நேரில் சென்று இதைப் பெற வேண்டும். பாரிஸ் நகருக்குள் வசிப்பவர் தமது வட்டாரத்தின் மெரிக்குச் செல்ல வேண்டும்.

அவர் தமது அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், மின்கட்டணச் சீட்டு போன்ற முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு அல்லது வரி அறிவிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். வருபவரின் கடவுச்சீட்டு எண்ணும், வந்து திரும்பும் தேதிகளும் படிவத்தில் எழுதப்படும். 30 யூரோ அரசு முத்திரைக் கட்டணம் உண்டு. சான்றிதழ் மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. விருந்தினர் தம் செலவைத் தாமே ஏற்க முடியாமல் போனால் அதைத் தாம் ஏற்பதாகவும் வீட்டுக்காரர் கையெழுத்திடுகிறார். ஆகவே இது வெறும் சம்பிரதாயத் தாள் என்று எண்ணி உறவினரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் தலையில் ஒரு சட்டப் பொறுப்பு ஏறுகிறது.

வீடு விருந்தினரைத் தங்கவைக்கும் அளவுக்கு இடமும் வசதியும் உள்ளதா என்பதை நகரசபை பார்க்கும். வீட்டுக்காரரின் ஒப்புதலோடு ஆளனுப்பிச் சோதிக்கவும் அதற்கு உரிமை உண்டு; ஒப்புதல் தர மறுத்தால் நிபந்தனை நிறைவேறவில்லை என்று கொள்ளப்படும். பாரிஸ் புறநகரில் ஓர் அறை, ஒரு கூடம் கொண்ட வீட்டில் ஏற்கெனவே நால்வர் வாழும்போது, அப்பா, அம்மா, தங்கை என மூவரை ஒரே நேரத்தில் அழைத்தால் தடை வரலாம். அப்படிப்பட்ட நிலையில் இரு உறவினர் வீடுகளில் பிரித்துத் தங்க ஏற்பாடு செய்வதோ, சில நாள்களுக்கு விடுதி எடுப்பதோ நடைமுறைக்கு ஒத்து வரும். நகரசபையிடமிருந்து ஒரு மாதம் வரை பதில் இல்லாவிட்டால் அது மறுப்பாகக் கருதப்படும். இரண்டு மாதத்துக்குள் மாவட்ட ஆட்சியருக்கு நிகரான ‘பிரெஃபே’யிடம் முறையிடலாம்.

சான்றிதழின் மூலப்பிரதியை அஞ்சலில் வரவழைத்து, விண்ணப்பத்தின்போது காட்டி, பயணத்தின்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் இறுதியில் பாரிஸில் நடக்கும் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழாவைப் பார்க்க வருபவர்கள், மெரி, அஞ்சல், விண்ணப்பம் என்ற மூன்றுக்கும் காலம் ஒதுக்கி ஏப்ரலிலேயே உறவினரிடம் சொல்லிவைப்பது உத்தமம்.

நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்கு, கடும் நோய் போன்ற அவசரங்களில் இந்தச் சான்றிதழ் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். அதற்குரிய மருத்துவக் கடிதத்தையோ இறப்புச் சான்றையோ இணைக்க வேண்டும்.

கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

பிரான்ஸ் நாளொன்றுக்குத் தொகை நிர்ணயித்திருக்கிறது. வரவேற்புச் சான்றிதழோடு வீட்டில் தங்குபவருக்கு 32.50 யூரோ, விடுதி முன்பதிவு உள்ளவருக்கு 65 யூரோ, இரண்டும் இல்லாதவருக்கு 120 யூரோ. இருபது நாள் பயணம் என்றால் முறையே 650, 1300, 2400 யூரோ வரும். ஐந்து நாள் விடுதியிலும் பதினைந்து நாள் அண்ணன் வீட்டிலும் தங்குபவர் இரண்டையும் பிரித்துக் கணக்கிட வேண்டும், அவருக்கு 812.50 யூரோ போதும். முழுவதையும் ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. வங்கிக் கணக்கறிக்கையும் வெளிநாட்டில் செல்லும் அட்டையும் ஏற்கப்படும். 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிப்பது கட்டாயம்.

காப்பீடு எப்படி இருக்க வேண்டும்?

குறைந்தது 30,000 யூரோ வரை ஈடுசெய்வதாகவும், ஷெங்கன் பகுதி முழுவதற்கும் தங்கும் எல்லா நாளுக்கும் பொருந்துவதாகவும், அவசர மருத்துவம், மருத்துவமனைச் செலவு, தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல், இறப்பு ஆகியவற்றை உள்ளடக்கியதாகவும் இருக்க வேண்டும். முதியவர்களுக்கு வாங்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றால் வரும் அவசரம் அடங்குமா என்பதைப் படித்துப் பாருங்கள். விசாவுக்கு அது கட்டாயமில்லை. பாரிஸ் மருத்துவமனையின் கட்டணச் சீட்டைப் பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

விசா ஒட்டியில் உள்ள தேதிகள் குழப்புகின்றனவே?

கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசா ஒட்டியில் மூன்று செய்திகள் தனித்தனியாக உள்ளன: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும், மொத்தம் எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். ஆகஸ்ட் 20 முதல் செப்டம்பர் 8 வரை இருபது நாள் பயணத்துக்கு விண்ணப்பித்தவருக்கு, செப்டம்பர் 23 வரை செல்லும் என்று ஒட்டியில் வரலாம். அந்தக் கூடுதல் 15 நாள், பயணத் தேதி சற்றுத் தள்ளிப்போனால் உதவுவதற்காகக் கொடுக்கப்படும் இடைவெளி. தங்கும் நாள்கள் இருபதுதான். ஒட்டியின் கடைசித் தேதி வரை தங்கிவிட்டு விமான நிலையத்தில் விதிமீறியவர்களாக நிற்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவறாகப் படித்தவர்களே.

நுழைவு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். பாரிஸிலிருந்து லண்டனில் உள்ள சித்தி வீட்டுக்குப் போய் மறுபடி பாரிஸ் வழியாக ஊர் திரும்புவது இரண்டு நுழைவாகும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு சென்றால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். பிரிட்டனுக்கு வேறு விசா வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

180 நாளில் 90 நாள் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

நீங்கள் ஷெங்கனில் இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் தங்கிய நாள்கள் 90ஐத் தாண்டக் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாள்களாகவே எண்ணப்படும். வெளியே ஒருநாள் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பது தவறான நம்பிக்கை.

சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ள ஒருவர் மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை பிரான்ஸில் இருந்தார் என்று கொள்வோம். அது 60 நாள். ஜூன் 1 அன்று மீண்டும் வருகிறார். அவரிடம் மீதி 30 நாள். ஜூன் 30 அன்று 90 நிறைந்துவிடும், அன்றே வெளியேற வேண்டும். அடுத்து எப்போது வரலாம்? மார்ச் 1 என்ற நாள் 180 நாள் சாளரத்தை விட்டு நழுவும் ஆகஸ்ட் 28 அன்றுதான். அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் ஒரு பழைய நாள் நழுவ, ஒரு புதிய நாள் சேரும். இந்தக் கணக்கு ஷெங்கன் முழுவதற்கும் பொதுவானது. ஜெர்மனியில் கழித்த நாளும் இதில் சேரும். ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது.

விசா இருந்தும் எல்லையில் திருப்பி அனுப்ப முடியுமா?

முடியும். விசா என்பது எல்லைக்கு வந்து நுழைவு கேட்கும் உரிமையைத் தருகிறது. நுழைவுக்கு அது உறுதியளிப்பதில்லை. நோக்கம், தங்குமிடம், பணம், திரும்பும் சீட்டு, காப்பீடு ஆகியவற்றை அதிகாரி கேட்கலாம். விண்ணப்பத்தில் வைத்த தாள்களின் நகல்களைக் கைப்பையில் வைத்திருங்கள். சரக்குப் பெட்டியில் வைத்துவிட்டால் பயனில்லை. முதிய பெற்றோர் தனியாக வந்தால், மகனின் தொலைபேசி எண்ணும் முகவரியும் எழுதிய ஒரு தாள் மிக உதவும்.

ஷெங்கன் நாடுகளுக்கு இடையிலான எல்லைகளிலும் கடவுச்சீட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும். 2015 நவம்பரிலிருந்து பிரான்ஸ் அண்டை ஷெங்கன் நாடுகளுடனான எல்லைகளில் சோதனையை மீண்டும் நடத்திவருகிறது.

புதிய மின்னணுப் பதிவு முறை என்ன?

நுழைவு வெளியேற்றப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. 2026 ஏப்ரல் 10 வரை படிப்படியாக எல்லா எல்லைகளுக்கும் விரிவாக்கத் திட்டமிடப்பட்டது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, வந்த நாளும் போன நாளும் கணினியில் ஏறும். விசா தேவையில்லாதவர்களிடம் முகப்படமும் நான்கு விரல் ரேகையும் எடுக்கப்படும். விசா உள்ளவர்களின் ரேகை ஏற்கெனவே விசாப் பதிவில் இருப்பதால் முகப்படம் மட்டும் போதும். கட்டணம் எதுவும் இல்லை. மங்கிய முத்திரையைப் பார்த்து அதிகாரி நாளெண்ணிய காலம் போய், ஒருநாள் அதிகமாகத் தங்கினாலும் கணினியே காட்டிக்கொடுக்கும் நிலை வந்திருக்கிறது.

எட்டியாஸ் என்பது வேறு. விசா தேவையில்லாத சிங்கப்பூர், மலேசிய, பிரிட்டிஷ், கனேடியக் கடவுச்சீட்டுக்காரர்கள் பயணத்துக்கு முன் இணையத்தில் பெற வேண்டிய அனுமதி அது. 2026 இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்றும், கட்டணம் 20 யூரோ என்றும், மூன்று ஆண்டு செல்லும் என்றும் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்துள்ளது. விசா பெற்று வருபவர்களுக்கு அது தேவையில்லை.

இலங்கைக் கடவுச்சீட்டோடு பாரிஸில் விமானம் மாறினால்?

விமான நிலையத்தை விட்டு வெளியேறாவிட்டாலும் இலங்கையருக்கு விமான நிலையக் கடப்பு விசா தேவை. கனடா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ, ஷெங்கன் விசாவோ இருந்தால் விலக்கு உண்டு.

விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

மறுப்புக் கடிதம் அச்சிட்ட ஒரு பொதுப் படிவம். பொருந்தும் காரணத்துக்கு எதிரே குறியிட்டிருப்பார்கள். பயண நோக்கம் நிறுவப்படவில்லை, பணவசதி போதவில்லை, தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை, உரிய காலத்தில் திரும்புவார் என்பதில் ஐயம் உள்ளது ஆகியவை அதில் உள்ள காரணங்களுள் சில. 30 நாளுக்குள், நான்த் நகரில் உள்ள விசாத் துறையின் துணை இயக்குநருக்கு, பிரெஞ்சு மொழியில் காரணங்களை எழுதிக் கையொப்பமிட்டு முறையிடலாம். இரண்டு மாதம் பதில் வராவிட்டால் அது நிராகரிப்பு. அதன்பின் நான்த் நிர்வாக நீதிமன்றத்தை நாடலாம்.

ஆனால் எல்லா மறுப்புக்கும் முறையீடு ஏற்றதன்று. ஒரு தாள் விடுபட்டதோ கணக்கு தெளிவாக இல்லாததோ காரணம் என்றால், அதைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே விரைவான வழி. அதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. தூதரகம் உங்கள் தாளைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று காட்ட முடிந்தால் முறையிடுங்கள். மறுப்பை மறைத்து வேறு ஷெங்கன் நாட்டிடம் போவதில் பயனில்லை. பதிவு எல்லோருக்கும் பொது.

ஒவ்வொரு முறையும் இப்படியே விண்ணப்பிக்க வேண்டுமா?

இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு சலுகை ஏற்பட்டது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா பெற்று, விதிப்படி பயன்படுத்தியவர்களுக்கு, பலமுறை நுழையும் இரண்டு ஆண்டு விசா வழங்கப்படலாம். அதற்கடுத்து, கடவுச்சீட்டு அவ்வளவு காலம் செல்லுபடியானால், ஐந்து ஆண்டு விசா கிடைக்கும். இலங்கையருக்குப் பொது விதிதான்: இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று விசா பயன்படுத்தியவருக்கு ஓராண்டு விசா, பிறகு இரண்டு, அதன்பின் ஐந்து. விசா எத்தனை ஆண்டாக இருந்தாலும் 90 நாள் வரம்பு மாறாது.

வந்தபின் விசாவை நீட்டிக்கலாமா?

திடீர் நோய், விமானப் போக்குவரத்து நிறுத்தம் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டும், காலம் முடிவதற்கு முன்பே அந்தப் பகுதியின் ‘பிரெஃபெக்தூர்’ அலுவலகத்தில் கேட்கலாம். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் அடுத்த மாதம் வருகிறது என்பது காரணமாகாது. குறுகிய கால விசாவில் உறவினரின் கடையில் சம்பளத்துக்கு உதவுவதும் சட்டவிரோத வேலையே.

ஊரிலிருந்து என்னென்ன தின்பண்டங்கள் கொண்டுவரலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சி, பால் ஆகியவற்றையும் அவற்றில் செய்த பொருள்களையும் கொண்டுவரக் கூடாது. ஆகவே நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் ஏறக் கூடாது. தாவரங்களுக்கு 2019 டிசம்பரிலிருந்து நலச் சான்றிதழ் கட்டாயம் என்பதால், பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் ஆகியவை பறிமுதலாகும். இவையெல்லாம் பாரிஸ் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கும் சான்றிதழ் வேண்டாம். கருவாடு உட்பட மீன் வகைகளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம். விமானத்தில் பக்கத்துப் பெட்டிக்காரர் பொறுத்துக்கொள்ளும்படி காற்றுப்புகாமல் கட்டிக்கொண்டால் போதும்.